பழைய டெஸ்க்டாப்பை ஒப்பேற்றுவதா, புதுசு வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம்பேட்டையில் வீட்டை ஒட்டிய சின்ன அறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சிபியுவை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே கேட்பது இதைத்தான்: "இதுல இன்னும் காசு போடலாமா சார், இல்ல தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடவா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வீடு, சின்னக் கடை, டியூஷன் சென்டர், டிடிபி வேலை, இவற்றுக்குப் பொருந்தும். வீடியோ எடிட்டிங்கே தொழில் என்பவர்களுக்குக் கணக்கு வேறு.

எங்கள் டெஸ்க்டாப்புக்குப் பத்து வயது. ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

ஒரே வார்த்தையில் முடியாது. ஆனால் மூன்று விஷயம் தெரிந்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடலாம். ப்ராசஸர் (கணக்கெல்லாம் போடும் முக்கிய சிப்) எந்தத் தலைமுறை, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியா, ரேம் எவ்வளவு. கீபோர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் மூன்றும் அங்கேயே இருக்கும்.

என் கணக்கு இது. இன்டெல் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் அதைத் தூக்கிப் போடப் பேச்சே வேண்டாம், எஸ்எஸ்டியும் ரேமும் போட்டு ஓட்டுங்கள். 4 முதல் 7 வரை என்றால் ஒரு எஸ்எஸ்டி செலவு தகும், அதற்கு மேல் தகாது. 3ஆம் தலைமுறையோ அதற்கும் கீழோ, கோர் 2 டுயோ, பழைய பென்டியம் வகை என்றால் அதற்கென்று கடையில் எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பாகம் இருந்தால் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தலைமுறை என்று எங்கேயும் எழுதியில்லையே?

ப்ராசஸர் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. ஐ5-4460 என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண் 4, அது 4ஆம் தலைமுறை. ஐ3-8100 என்றால் 8. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஐ5-10400 என்பது 10ஆம் தலைமுறை.

இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. "ஐ7 சார், சூப்பர் மெஷின்" என்று ஒருவர் கொண்டு வந்தார். பார்த்தால் ஐ7-2600, 2011இல் வந்தது. அதைவிட ஐ3-8100 பல வேலைகளில் நன்றாகவே ஓடும். ஐ7, ஐ5 என்பது அந்தந்த வருஷத்து வகுப்பில் எடுத்த ரேங்க் மாதிரி. எந்த வருஷத்து வகுப்பு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏஎம்டி ரைசன் என்றால் 3000 வரிசையும் அதற்கு மேலும் கவலையில்லை. 2000 வரிசையில் சில மாடல்களை விண்டோஸ் 11 ஏற்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்தால் திரை வரவே ஐந்து, பத்து நிமிஷம் ஆகிறது. ப்ராசஸர் கிழடாகிவிட்டதா?

ப்ராசஸருக்குக் கிழடு தட்டுவதில்லை. முதல் நாள் போட்ட வேகத்திலேயேதான் கடைசி வரை ஓடும். மாறியது அதன் மேல் ஓடும் சாஃப்ட்வேரின் எடை. பத்தில் எட்டுப் பேருக்குக் கழுத்தைப் பிடிப்பது ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற வரியைப் பாருங்கள். ஆன் செய்து ஐந்து நிமிஷம் கழித்தும் அது 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் காசு எங்கே போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிஷத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு இருக்கிறது. அதன் மேல் ஒரு கை நகர்ந்து நகர்ந்துதான் படிக்கும். ஒரே பெரிய சினிமா ஃபைலைப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு 150 எம்பி வரைகூடத் தரும். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை ஓடிப் போய்த் திரும்ப வேண்டும். வினாடிக்கு நூறு தடவை போய் வந்தாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் ஓடும் பாகமே இல்லை, அதே மாதிரி சின்னத் துண்டுகளை வினாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் எடுத்துத் தரும். ஒரே பையன் இருக்கும் மளிகைக் கடையில் தீபாவளிக்கு முந்தின நாள் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம்.

பல்லாவரத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் நண்பர் ஒருவர். ஐ5 நாலாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் கடையைத் திறந்ததும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போய் ஒரு டீ, ஒரு வடை சாப்பிட்டுத் திரும்பினால்தான் ஃபோட்டோஷாப் திறக்கும் நிலையில் இருக்கும். தை மாதம் முகூர்த்த சீசனில் பொறுக்க முடியாமல், 45,000 ரூபாய்க்குப் புதுசு வாங்க கொட்டேஷனே வாங்கிவிட்டார். நான் 2023இல் 1,700 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த 256 ஜிபி எஸ்எஸ்டியைப் போட்டுக் கொடுத்தேன். ஸ்விட்ச் போட்டதிலிருந்து இருபத்தைந்து வினாடி. "டீ குடிக்கவே விடமாட்டேங்குதே" என்று குறைபட்டுக்கொண்டார். அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது.

எஸ்எஸ்டி போட்டால் பழைய ஃபைல் எல்லாம் போய்விடுமா? ஃபார்மட் அடிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்கலாம், குளோனிங் என்பார்கள். ஆனால் ஏழெட்டு வருஷக் குப்பையும் சேர்ந்தே வரும். முடிந்தவரை நான் புதிதாகவே விண்டோஸ் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே விட்டுவிடுவேன். படமும் பாட்டும் அதில் கிடக்கட்டும்.

இதற்கு முன்னால் பழைய டிஸ்க்கின் உடம்பைப் பார்த்துவிடுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. நீலத்தில் 'குட்' என்று வந்தால் நிம்மதி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். 'டக், டக்' என்று சத்தம் வரும் டிஸ்க்கில் சாஃப்ட்வேர் ஓட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.

பழைய போர்டில், அதாவது எல்லாப் பாகமும் மாட்டும் மதர்போர்டில், சின்ன எஸ்எஸ்டியை நேராகச் செருகும் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் இருக்காது. அதனால் சாட்டா வகை எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள், கூட ஒரு சாட்டா கேபிளும். கேபினெட்டில் பொருத்தத் தோதான இடம் இல்லையென்றால் இரண்டு பக்க டேப் போட்டு ஒட்டினாலும் போதும். உள்ளே ஆடும் பாகம் இல்லாததால் ஒன்றும் ஆகாது.

ரேம் எவ்வளவு இருந்தால் போதும்?

வீட்டுக்கு, ஆபீஸ் வேலைக்கு 8 ஜிபி. குரோமில் இருபது டேப் திறந்து வைத்துக்கொண்டு வாழ்பவர் என்றால் 16. ஸ்லாட்டில் என்ன வகை என்பது முக்கியம்: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது. ஒருவர் அழுத்தியே உட்கார வைத்துக் கொண்டு வந்தார். அவருக்குப் புது போர்டு வாங்க வேண்டியதாயிற்று.

வாங்கும் முன் இன்னொன்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 8 ஜிபி போட்டாலும் அது மூன்றரை ஜிபிக்கு மேல் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் எனக்கே நம்ப முடியவில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கொண்டு போவதால் வந்த வினை. எனவே இருக்கும் ரேமைக் கழற்றி யாருக்காவது தானம் கொடுக்கும் முன் யோசியுங்கள். பழைய ஆபீஸ் மெஷினிலிருந்து எடுத்த செகண்ட்ஸ் ரேம் வாங்குவதில் தப்பில்லை, டெஸ்ட் செய்து தந்தால் சரி.

ப்ராசஸரை மட்டும் மாற்ற முடியாதா?

முடியும், ஆனால் உங்கள் போர்டு ஏற்கும் ஒன்றிரண்டு தலைமுறைக்குள்தான். 4ஆம் தலைமுறை ஐ3யை எடுத்துவிட்டு அதே தலைமுறை ஐ7 போடலாம், 8ஆம் தலைமுறை போட முடியாது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டே வேறு. ப்ராசஸர் மாற வேண்டுமென்றால் போர்டு மாறும், போர்டு மாறினால் ரேம் மாறும், இத்தனையையும் பழைய எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) தாங்குமா என்ற கேள்வி வரும். கடைசியில் பழசில் மிஞ்சுவது தகர டப்பாதான். எப்போதாவது யாராவது ஐ7 சும்மா கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், கொண்டு வந்தால் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் நான் தடவித் தருகிறேன்.

விண்டோஸ் 10 நின்றுவிட்டதாமே? என் மெஷின் இனி ஓடாதா?

ஓடும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது, அதுதான் செய்தி. வீட்டு உபயோகக்காரர்கள் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும்.

விண்டோஸ் 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறை, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் எல்லாம் வேண்டும். 8ஆம் தலைமுறை மெஷின் வைத்திருந்தும் "ஆதரவு இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் டிபிஎம்மை பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) அணைத்து வைத்திருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், ஆன் செய்தால் போதும். இதைச் செய்யாமல் புதுசு வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

பழைய மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட முடியாதா என்று கேட்பார்கள். 4ஆம் தலைமுறையில் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய அப்டேட்டின்போதும் மறுபடி அதே குறுக்கு வழியில் போக வேண்டும். எதுவும் தகராறு என்றால் மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. கோர் 2 டுயோவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை: விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ராசஸரில் சில கட்டளைகள் இல்லையென்றால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி ஃபைலிங்கும் அதே மெஷினில்தான் என்றால், அப்டேட் இல்லாத விண்டோஸில் அதைச் செய்யாதீர்கள். இதில் மட்டும் நான் கறார்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாமா?

ப்ரௌசர், யூடியூப், லெட்டர் அடிப்பது, தமிழ் டைப்பிங், இதுதான் வேலை என்றால் தாராளமாக. நான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தமிழ்99 கீபோர்டு முறையில் அருமையாக அடித்துக்கொண்டிருக்கிறார், விண்டோஸ் இல்லை என்பதே அவருக்கு நினைவில்லை. டேலி, ஃபோட்டோஷாப், கோரல்டிரா வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எஸ்எஸ்டி போட்டும் யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறதே?

யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வகைகளில் வீடியோ அனுப்புகிறது. விபி9ஐ விரிக்கும் முழு வசதி இன்டெல்லின் கிராஃபிக்ஸில் 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய மெஷின்களில் அந்த வேலையை ப்ராசஸரே மூச்சிரைக்கச் செய்ய வேண்டும். தரத்தை 720க்குக் குறைத்தால் நிம்மதியாக ஓடும்.

சென்னை வெயிலும் உப்புக் காற்றும் மெஷினைக் கெடுக்கின்றனவா?

கெடுக்கின்றன, ஆனால் மெதுவாக. பெசன்ட் நகர், திருவான்மியூர், பாலவாக்கம் பக்கமிருந்து வரும் மெஷின்களைத் திறந்தால் ஸ்க்ரூக்களில் துரு, பின்களில் பச்சை பூத்திருக்கும். தினமும் ஓடும் மெஷின் தேவலை. துணி போட்டு மூடி ஆறு மாதம் வைத்திருந்ததுதான் அதிகம் படுத்துகிறது.

இன்னொரு பக்கம் தூசி. ஆயுத பூஜை அன்று சிபியுவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காத வீடு கிடையாது. முதல் நாள் வெளியே பளபளவென்று துடைப்பார்கள், உள்ளே யாரும் திறப்பதில்லை. போன மே மாதம் நங்கநல்லூரிலிருந்து வந்த ஒரு மெஷின் அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து மத்தியானம் மட்டும் தானாக அணைந்துவிடும், ராத்திரியில் நன்றாக ஓடும். திறந்தேன். ப்ராசஸர் ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்து, நகத்தால் பிடித்து ஒரே தகடாக உரித்து எடுக்க முடிந்தது. அதன் கீழே தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எஸ்எம்பிஎஸ் மூலையில் இரண்டு பல்லி முட்டை வேறு. ப்ளோயர் அடித்து, புது பேஸ்ட் தடவி, மூடினேன். ஒரு பாகமும் மாற்றவில்லை. அந்த அம்மா புது மெஷினுக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தில் பேரனுக்கு சைக்கிள் வாங்கினார்.

எனவே "சூடாகிறது, அணைகிறது" என்பது மாற்றுவதற்குக் காரணமே அல்ல. மூடியைத் திறந்து மூக்கை நீட்டிப் பாருங்கள். போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தால், பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தால், அந்த போர்டுக்கு நாள் எண்ணலாம். அதில் எஸ்எஸ்டி தவிர வேறு எதையும் போடாதீர்கள், எஸ்எஸ்டியைப் பிறகு கழற்றி அடுத்த மெஷினில் மாட்டிக்கொள்ளலாம்.

யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் இவற்றுக்குச் செலவு செய்யலாமா?

நல்ல எஸ்எம்பிஎஸ் அடுத்த மெஷினுக்கும் வரும், அதனால் செய்யலாம். முன்னூறு, நானூறு ரூபாய்க்கு வரும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள், வெண்டைக்காய் மாதிரி லேசாக இருக்கும். அது போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும். பெரிய கம்பெனிகளின் பிராண்டட் டெஸ்க்டாப்களில் எஸ்எம்பிஎஸ் அளவும் கனெக்டரும் வேறாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

யுபிஎஸ் பாட்டரி இரண்டு, மூன்று வருஷத்தில் போய்விடும். கரண்ட் போன உடனே மெஷினும் அணைந்தால் யுபிஎஸ்ஸையே மாற்ற வேண்டாம், பாட்டரி மட்டும் போதும்.

பழைய மெஷின் கரண்ட் அதிகம் இழுக்குமா?

மானிட்டரோடு சேர்த்து ஒரு சாதாரண டெஸ்க்டாப் 100 வாட் என்று வையுங்கள். தினம் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். புதுசு அதில் பாதி இழுக்கும். மிச்சமாகும் 18 யூனிட்டுக்காக யாரும் மெஷின் மாற்ற வேண்டியதில்லை. பழைய குண்டு மானிட்டர் இன்னும் வைத்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

கடையில் "போர்டு போச்சு" என்றார்கள். நம்பலாமா?

சில சமயம் உண்மை. ஆனால் அந்த வார்த்தை ரொம்ப மலிவாகப் புழங்குகிறது. தாம்பரம் பக்கமிருந்து ஒருவர், வேறு ஒரு கடையில் போர்டு டெட் என்று சொல்லி புது செட்டுக்கு அட்வான்ஸ் கேட்டார்கள் என்று என்னிடம் கொண்டு வந்தார். ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை வராது, 'பீப் பீப்' என்று கத்தும். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் நாலு இழு இழுத்துத் துடைத்து, மாட்டினேன். வந்துவிட்டது. ஈரக் காற்றில் அந்தப் பற்களில் படலம் படிவது நம் ஊரில் சர்வ சாதாரணம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இதை நீங்களே செய்து பார்க்கலாம்.

இன்னொன்று: ஒவ்வொரு நாளும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்கிறது, வைரஸ் போலிருக்கிறது என்பார்கள். வைரஸ் இல்லை. போர்டில் இருக்கும் சிஆர்2032 காயின் செல் தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

உண்மையிலேயே போர்டு போயிருந்தால், அதே பழைய மாடல் போர்டு வாங்காதீர்கள். கிடைப்பதெல்லாம் எங்கோ கழற்றியது அல்லது பெயர் தெரியாத புது போர்டு. கணக்கை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே, பழசுக்குச் செய்யும் மொத்தச் செலவு புதுசின் விலையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புதுசு என்றால் ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் போய்ப் பார்ப்பது நல்லது. மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முதலில் கண்ணில் பட்ட கடையில் வாங்காதீர்கள். வாசலில் நின்று "என்ன சார் வேணும்" என்று கையைப் பிடித்து இழுப்பவரிடம் கண்டிப்பாக வேண்டாம். வேண்டிய பாகங்களைத் தாளில் எழுதிக்கொண்டு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. "பில் வேண்டாம்னா கம்மி பண்றேன்" என்றால், வாரண்டியும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாக அர்த்தம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. பெரிய ஆபீஸ்கள் நாலைந்து வருஷத்தில் மொத்தமாகக் கழித்துவிடும் டெஸ்க்டாப்கள் செகண்ட்ஸில் வருகின்றன. 8, 9, 10ஆம் தலைமுறை ஐ5, சின்ன கேபினெட், நல்ல தயாரிப்பு. புதுசின் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். வாங்கும்போது கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், பயாஸில் பாஸ்வேர்டு எதுவும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், எழுத்தில் வாரண்டி கேளுங்கள். பழைய மெஷினுக்கு போர்டு தேடி அலைகிறவர்களை நான் இந்தப் பக்கம்தான் தள்ளிவிடுகிறேன்.

மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் பழசையே வைத்துக்கொள்ளலாமா?

மானிட்டர் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர் என்றால், புது போர்டில் விஜிஏ இருக்கிறதா கேளுங்கள். இல்லையென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். மளிகை, மருந்துக் கடைக்காரர்கள் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மறந்துவிட்டு மெஷின் வாங்கி வந்து விழிப்பதுண்டு. அதன் அகலமான பேரலல் போர்ட் பல புது போர்டில் கிடையாது, கார்டு தனியாகப் போட வேண்டும்.

பையன் கேம் விளையாட கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறான்.

கேபினெட்டில் நுழையுமா, எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். 4ஆம் தலைமுறை ஐ3யோடு விலை உயர்ந்த கார்டு போட்டால் கார்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கும். பரீட்சை முடியட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

வெள்ளத்தில் நனைந்த மெஷினைக் காப்பாற்ற முடியுமா?

2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் வரிசையாகப் பார்த்தேன். பிழைத்தவை எல்லாம் ஆன் செய்து பார்க்காமல் கொண்டு வந்தவை. "வேலை செய்யுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்றவர்களுடையது அநேகமாக அங்கேயே முடிந்திருந்தது. வெயிலில் வைத்து வெளியே காய்ந்தாலும் சிப்புகளுக்கு அடியில் ஈரமும் சேறும் நிற்கும், கழுவித்தான் காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு ஸ்டூல் போதும்.

பழைய மெஷினை என்ன செய்வது?

ஓடினால் யாருக்காவது கொடுங்கள். ஓடாவிட்டால் தெருவில் வரும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். செம்புக்காகத் திறந்த வெளியில் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை நம் மூக்குக்குத்தான் வரும்.

எதுவாக இருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். டெலிட் செய்தால் போகாது, சும்மா ஃபார்மட் அடித்தாலும் திரும்ப எடுத்துவிடலாம். முழுக்க மேலெழுதி அழிக்க வேண்டும், அல்லது துளை போட வேண்டும். ஒரு முறை பாகத்துக்காக பிளாட்பாரத்தில் நூறு ரூபாய்க்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தேன். மாட்டியதும் ஒரு குடும்பமே திறந்துகொண்டது: வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், நாலு பேரின் ஆதார், பெண்ணின் ஜாதகம். ஜாதகத்தின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பையன் எல்கேஜி படிக்கிறானுங்க, நீங்களே அழிச்சிடுங்க" என்றார்.